தாய்ப்பலகை

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

கணிப்பொறி என்றவுடன் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவிற்கு வருவது அதன் திரையும் விசைப்பலகையுந்தான். சற்று விவரம் அறிந்தவர்கள் செயலியைப் பற்றியும் நினைவகத்தைப் பற்றியும் பேசுவார்கள். கணினி விளையாட்டில் பித்துப்பிடித்த அண்ணன்மார்களோ கிராஃபிக்ஸ் கார்டு என்ற ஒன்றைத் தவிர வேறெதையும் பேசமாட்டார்கள். இவை அனைத்தையும் தன்மேல் தாங்கி, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய மின்சாரத்தை ஊட்டி, ஒன்றோடொன்று பேசவும் வைக்கின்ற மதர்போர்டைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. தமிழில் அதனைத் தாய்ப்பலகை என்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். எங்கள் வீட்டிலும் அம்மா என்று ஒருவர் இருப்பது, அவர் ஊருக்குப் போன அன்றுதான் எல்லோருக்கும் தெரிகிறது!

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டிற்கு ஒரு தாய்ப்பலகையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அது எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பெரம்பலூரில் இருக்கிறோம். அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எங்கள் பக்கம் கிணறும் ஆழ்துளைக் கிணறுமே விவசாயத்திற்கு ஆதாரம் ஆதலால், சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் தண்ணீருக்கு ஏங்கும் நாட்களில் எரிந்துபோன மோட்டார்கள் கடை வாசலில் வரிசை கட்டி நிற்கும். கடைக் கணக்கை எட்டாம் வகுப்பிலிருந்தே நான்தான் எழுதுகிறேன். அண்ணன் அரியலூரில் எங்கள் பாட்டி வீட்டில் தங்கிப் பாலிடெக்னிக்கில் கணிப்பொறித் துறையில் படிக்கிறார். பெரம்பலூரும் அரியலூரும் 2007-ஆம் ஆண்டு நவம்பரில் இரண்டாவது தடவையாகத் தனித்தனி மாவட்டங்களாயின. எங்கள் குடும்பத்திற்கு மட்டும் இன்னும் ஒரே மாவட்டந்தான். அம்மாவின் குழம்புத் தூக்கு வாரம் ஒரு முறை பேருந்தில் போய்த் திரும்புகிறது.

அம்மா கட்டிய சீட்டுப் பணம் 75,000 ரூபாய் கைக்கு வந்தபோது, அண்ணன் தனக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும் என்றார். படிப்புக்கும் அதுவே உதவும் என்று வாதாடினார். அம்மா சற்று யோசித்துவிட்டு, "வாங்கிக்கோ. ஆனா அது ரெண்டு பேருக்கும் பொது. நீ படிப்பை முடிச்சதும் தங்கச்சிக்கு வரணும். அவ பன்னிரண்டாவது முடிச்சுக் காலேஜ் போற வரைக்கும் அது ஓடிக்கிட்டு இருக்கணும்" என்று நிபந்தனை விதித்துவிட்டார். பதினோராம் வகுப்பில் கணிப்பொறி அறிவியல் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆக, அந்தப் பெட்டியிடம் அண்ணன் எதிர்பார்த்தது வேகம். நான் எதிர்பார்த்தது ஆயுள். இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தாக வேண்டும்.

அண்ணன் எழுதிக் கொடுத்த பட்டியலில் செயலி 36,000 ரூபாய், தாய்ப்பலகை 26,000 ரூபாய். மீதம் 13,000 ரூபாயில் மற்ற எல்லாம்! "மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கீழே ஒரு குறிப்பு வேறு. அப்பா பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கணக்கைப் பாப்பாவே பார்க்கட்டும்" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். "இது மோட்டார் கணக்கு இல்லைப்பா" என்றார் அண்ணன். இல்லையா, பார்ப்போம் என்று எண்ணிக்கொண்டேன்.

அண்ணன் அத்தனை விலையுள்ள பலகையைக் கேட்டதற்குக் காரணம் ஓவர்கிளாக்கிங். செயலிக்குள் ஒரு கடிகாரத் துடிப்பு உண்டு. 1981-ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யில் அது நொடிக்கு 47.7 லட்சம் முறை துடித்தது. இன்றைய நடுத்தரச் செயலி ஒன்று 500 கோடி முறைக்கு மேல் துடிக்கிறது. நிறுவனம் நிர்ணயித்த துடிப்புக்கும் மேலாக அதை முடுக்கி விடுவதே ஓவர்கிளாக்கிங். பழைய தையல் இயந்திரத்தில் பெரிய மோட்டாரை மாட்டி ஓட்டுவதைப் போன்றது என்று தோழியருக்குச் சொல்வேன்.

இந்தப் பித்து புதிதல்ல. 1998-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ என்ற மலிவான செயலியை வெளியிட்டது. அதன் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். தாய்ப்பலகையிலிருந்து அதற்குச் செல்லும் துடிப்பை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றினால் அதே செயலி 450-ல் ஓடியது. பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2-க்கு ஏறக்குறைய நிகராக நின்றது. ஆனால் எல்லாப் பலகையிலும் அது நடக்கவில்லை. 440பிஎக்ஸ் என்ற சிப்செட் உள்ள பலகை வேண்டும். அபிட் என்ற நிறுவனத்தின் பிஎச்6 பலகையில், சிறு சிறு இணைப்பான்களைப் பிடுங்கிச் செருகாமல், திரையில் தோன்றும் பட்டியலிலேயே எண்ணை மாற்ற முடிந்தது. செயலி அதே செயலிதான். அது ஓடியதும் ஓடாததும் பலகையின் கையில் இருந்தது.

இன்று அந்த உரிமையை நிறுவனங்கள் பூட்டி வைத்திருக்கின்றன. அண்ணன் கேட்ட இன்டெல் வகையில், பெயரின் முடிவில் 'கே' என்ற எழுத்துள்ள செயலியும், 'இசட்' என்று தொடங்கும் சிப்செட் உள்ள பலகையும் சேர்ந்தால்தான் செயலியை முடுக்கலாம். எச்610, பி760 போன்ற பலகைகளில் பணம் மிச்சமாகும், பூட்டுத் திறக்காது. ஏ.எம்.டி. நிறுவனம் சற்றுத் தாராளம். அதன் 'பி', 'எக்ஸ்' வகைப் பலகைகள் இரண்டிலுமே முடுக்கலாம். எல்லாவற்றிலும் மலிவான ஏ620-ல் மட்டும் நினைவகத்தை முடுக்கலாமேயன்றிச் செயலியை முடுக்க முடியாது. ஒரே ஓர் எழுத்துக்காக ஆயிரக்கணக்கில் விலை மாறுவதைக் கண்டு அம்மா, "புடவைக் கடையிலே கூட இப்படி இல்லையே" என்றார்.

அப்பாவுக்கு இந்த எழுத்துகளில் அக்கறை இல்லை. எங்கள் தெருவில் மூடிவிட்ட ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து பழுதான பலகை ஒன்றை வாங்கி வந்து, கடை மேசையில் வைத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். செயலியின் இருக்கையைச் சுற்றிக் கறுப்புக் கட்டிகளாக ஒரு வரிசை இருந்தது. இடுக்கியால் ஒன்றை உடைத்தார். உள்ளே செப்புக் கம்பி!

"அட, இது சோக்கு! நம்ம காயில்தான்!" என்று அப்பா கூவியது பக்கத்து டீக்கடை வரை கேட்டது.

அதன் பிறகு நான் விளக்கினேன்; அவர் கேட்டார். பெட்டியின் மின்வழங்கியிலிருந்து பலகைக்கு வருவது 12 வோல்ட். செயலிக்கு வேண்டியதோ ஏறக்குறைய 1.2 அல்லது 1.3 வோல்ட். அண்ணன் கேட்ட கோர் ஐ7-14700கே முழு மூச்சில் ஓடினால் 253 வாட் வரை எடுக்கும் என்று இன்டெல்லே சொல்கிறது. 253-ஐ 1.3-ஆல் வகுத்துக் காட்டினேன். ஏறக்குறைய 195 ஆம்பியர்.

அப்பா நம்பவில்லை. தாளை வாங்கித் தாமே வகுத்தார். 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார், கிணற்றுத் தண்ணீரை வயலுக்கு ஏற்றுவது, 7 அல்லது 8 ஆம்பியர்தான் எடுக்கும். "இருநூறு ஆம்பியரா? இது கம்ப்யூட்டரா, வெல்டிங் மெஷினா?" என்றார். வோல்ட் குறையக் குறைய ஆம்பியர் ஏறும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தீப்பெட்டி அளவுள்ள ஒரு பொருளுக்குள் அத்தனை ஓட்டம் போகிறது என்பதுதான் அவரை மலைக்க வைத்தது. "அவ்வளவுக்கும் கம்பி எங்கே?" என்று கேட்டார். அந்த இருக்கையில் 1,700 தொடுமுனைகள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி மின்சாரம் போகவும் வரவுமே என்றேன்.

கங்கைகொண்ட சோழபுரத்திற்கு நம் பள்ளியிலிருந்து சுற்றுலா சென்றவர்களுக்கு, இராசேந்திர சோழன் வெட்டுவித்த சோழகங்கம் ஏரி நினைவிருக்கும். இன்று அதைப் பொன்னேரி என்கிறார்கள். ஏரி நிறையத் தண்ணீர் இருந்தாலும் அப்படியே வயலுக்குள் திறந்துவிட்டால் பயிர் என்னவாகும்? மதகு வேண்டும், அதை அளவாகத் திறந்து மூட வேண்டும், ஒரே மதகில் எல்லாவற்றையும் விடாமல் முறை வைத்துப் பல மதகுகளில் விட வேண்டும். பலகையில் அந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு வி.ஆர்.எம். என்று பெயர். மாஸ்ஃபெட் என்னும் நுண்மதகுகள் நொடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடுகின்றன. பத்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் 12 வோல்ட் 1.2 வோல்ட்டாகிறது. துண்டு துண்டாக வரும் அந்த ஓட்டத்தைச் சோக்கும் கெப்பாசிட்டரும் சேர்ந்து சீராக்கித் தருகின்றன. ஒரு மதகு, ஒரு சோக்கு சேர்ந்தது ஒரு பேஸ்.

இதில் ஒரு சூது இருக்கிறது. பெட்டியின்மேல் '16 பேஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு பேஸும் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதைக் கையேட்டிலோ விவரத்தாளிலோ தேட வேண்டும். ஐம்பது ஆம்பியர் உள்ளதும் உண்டு, தொண்ணூறு உள்ளதும் உண்டு. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது, மதகுகளை எண்ணிவிட்டு அகலத்தை அளக்காமல் வருவதற்கு ஒப்பாகும். அவற்றின்மேல் மூடியிருக்கும் அலுமினிய ஹீட் சிங்க்கும் அப்படியே. கனமாக, காற்றுப் போக வரிவரியாக வெட்டப்பட்டிருந்தால் அது வேலை செய்யும். தட்டையாக, மேலே புலி முகம் வரைந்து வண்ண விளக்கு வைத்திருந்தால் அது அலங்காரம்.

வெப்பத்தைப் பற்றி நான் ஏன் இத்தனை கவலைப்பட்டேன் என்றால், அந்தப் பெட்டி இருக்கப்போவது அரியலூரில். மே மாதத்தில் பாட்டி வீட்டு ஓட்டு அறை 40 டிகிரியைத் தொடும். பலகைகளைச் சோதித்து எழுதுபவர்கள் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டிய குளிர் அறைகளில் சோதிக்கிறார்கள். அங்கே 70 டிகிரி காட்டும் பலகை நம் ஊரில் ஏறக்குறைய 90 காட்டும். இவ்வாண்டு மின்னோட்டவியல் பாடத்தில் ஜூலின் வெப்ப விதியைப் படித்தோம் அல்லவா? வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஓட்டத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால் வெப்பம் 21 விழுக்காடு கூடுகிறது. செயலியின் கதை இன்னும் மோசம். துடிப்பைப் பத்து விழுக்காடும் அதற்காக வோல்ட்டைப் பத்து விழுக்காடும் ஏற்றினால், அது எடுக்கும் வாட் 33 விழுக்காடு ஏறுகிறது. அப்பாவின் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: காயிலின் சூடு பத்து டிகிரி ஏறினால் அதன் காப்பின் ஆயுள் பாதி. கெப்பாசிட்டருக்கும் ஏறத்தாழ இதே கணக்கைத்தான் சொல்கிறார்கள். அண்ணன் இல்லையென்ற மோட்டார் கணக்கு இங்கேதான் வந்து நின்றது.

வெப்பம் போதாதென்று தூசி. சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் அரியலூர்ச் சாலைகளில் ஓயாது போகின்றன. பாட்டி காலையில் துடைத்த திண்ணையில் மாலையில் கோலம் போடலாம். அந்தச் சுண்ணாம்புக்கல் பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தபோது படிந்தது. அக்காலத்துச் சிப்பிகளையும் நத்தைகளையும் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் காணலாம். அண்ணனின் கணிப்பொறி விசிறியை அடைப்பது டைனோசர் காலத்துக் கடல் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அண்ணனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அடுத்து வருங்காலம். அண்ணன் கேட்ட செயலியின் இருக்கை 2021-ஆம் ஆண்டு வந்தது. 2024 அக்டோபரில் இன்டெல் 1,851 தொடுமுனைகள் உள்ள புதிய இருக்கைக்கு மாறிவிட்டது. அதாவது 26,000 ரூபாய்ப் பலகையில் பிற்காலத்தில் புதிய தலைமுறைச் செயலி எதுவும் பொருந்தாது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 இருக்கை 2022 செப்டம்பரில் வந்தது. 2024-ல் வந்த அடுத்த தலைமுறைச் செயலியும் அதிலேயே பொருந்துகிறது. 2027-க்கும் அப்பால் தொடர்வோம் என்று அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது. அதன் முந்தைய இருக்கையான ஏ.எம்.4-ல் 2017-ல் ரைசன் வந்தது. 2022-ல் வெளியான செயலியையும் அது ஏற்றுக்கொண்டது. எனவே இந்தப் பேச்சை ஓரளவு நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது. என் முறை வரும்போது பலகையை மாற்றாமல் செயலியை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே!

அண்ணன் எளிதில் ஒப்பவில்லை. 2022 டிசம்பரில் ஒருவர் இன்டெல் செயலியை நொடிக்கு 900 கோடித் துடிப்புக்கு மேல் கொண்டுபோனதை எடுத்துச் சொன்னார். உண்மைதான். அதற்கென்றே வடிவமைத்த ஏசஸ் பலகையில், திரவ ஹீலியத்தை ஊற்றிச் செய்த சாதனை அது. ஹீலியம் திரவமாக இருப்பது சுழிக்குக் கீழே 269 டிகிரியில். பாட்டி வீட்டில் மோர்தான் கிடைக்கும் என்றேன். அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு வேறு இரண்டு செய்திகளையும் காட்டினேன். 2023 ஏப்ரலில் ஏ.எம்.டி.யின் எக்ஸ்3டி வகைச் செயலிகள் சில பலகையிலேயே கருகின. உள்ளே ஒரு பகுதிக்கு 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி எல்லாப் பலகை நிறுவனங்களும் பயாஸைத் திருத்தி வெளியிட வேண்டியதாயிற்று. 2024-ல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைச் செயலிகள் அளவுக்கு மீறிய வோல்ட்டால் தடுமாறின. அந்நிறுவனமும் திருத்தம் வெளியிட்டு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. நாமாக முடுக்காதபோதே இந்தப் பாடு. முடுக்கினால் உத்தரவாதமும் இல்லை.

பலகை வாங்க அரியலூரிலிருந்து இரயிலில் சென்னை சென்றோம். (பெரம்பலூருக்கு இரயில் கிடையாது என்பதை வெளியூர்த் தோழியர் அறிய வேண்டுகிறேன்.) அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சித் தெருவில் மின்னணுப் பொருள் இல்லாத கடையே இல்லை. ஒரு கடையில், "இந்தப் பலகையில் ஒரு பேஸ் எத்தனை ஆம்பியர் தாங்கும்?" என்று நான் கேட்டேன். விற்பனையாளர் பதிலை அண்ணனைப் பார்த்துச் சொன்னார். அடுத்த கேள்வியையும் நானே கேட்டேன்; அதற்கும் அண்ணனைப் பார்த்தே, "சார், இதுல லைட் நல்லா எரியும்" என்றார். அப்பா என் தோளில் கைவைத்து, "கேட்டது பாப்பா" என்றார். பதில் வரவில்லை. வெளியே வந்துவிட்டோம். மூன்றாவது கடையில் வயதான ஒருவர் இருந்தார். ஊர் எது என்று கேட்டார். அரியலூர் என்றதும், "சிமெண்டுத் தூசியா? அப்ப விசிறிக்கு வலை போடும்மா" என்று சொல்லிவிட்டு, மூன்று பலகைகளைப் பிரித்து மேசையில் வைத்து, ஹீட் சிங்க்குகளைக் கையில் தூக்கிப் பார்க்கச் சொன்னார். அவற்றில் கனமானதைத் தேர்ந்தெடுத்தேன்.

பி650 சிப்செட், 24.4 சென்டிமீட்டர் சதுரம். நினைவகத்திற்கு நான்கு குழிகள். வரியுடன் கூடிய ஹீட் சிங்க். வரி உட்பட 14,500 ரூபாய். பின்புறம் ஒரு சிறு பொத்தான் இருந்தது. பயாஸைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் போய்விட்டால் பலகை செத்தது போலாகிவிடும். இந்தப் பொத்தான் இருந்தால் பென் டிரைவைச் செருகி, செயலி இல்லாமலேயே அதை எழுப்பிவிடலாம். எங்கள் பக்கத்து மின்சாரத்தை அறிந்தவர்கள் இதன் அருமையை உணர்வார்கள். செயலி ரைசன் 5 7600. மிச்சப்பட்ட பணத்தில் நல்ல மின்வழங்கியும், அண்ணன் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற கிராஃபிக்ஸ் கார்டும் வந்தன. திரைக்குப் பாட்டியின் தொலைக்காட்சிதான். இரவு எட்டு மணிக்குத் தொடர் ஆரம்பித்தால் அண்ணன் எழுந்துவிட வேண்டும்.

ஓவர்கிளாக்கிங் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அண்ணன் செய்தார்; ஆனால் வேறு வழியில். இந்தச் செயலிகளில் துடிப்பின் உச்ச எல்லையை 200 மெகாஹெர்ட்ஸ் உயர்த்திவிட்டு, அதே சமயம் வோல்ட்டைச் சிறிது சிறிதாகக் குறைக்கும் வசதி பயாஸில் இருக்கிறது. வோல்ட் குறைந்தால் சூடு குறையும். சூடு குறைந்தால் செயலி தானாகவே உச்சத்தில் நிற்கும். ஒவ்வொரு படியாகக் குறைத்து, இரவெல்லாம் சோதித்து, தடுமாறிய இடத்திலிருந்து இரண்டு படி பின்வாங்கினார். அந்தப் பொறுமையை நான் அவரிடம் அதற்கு முன் கண்டதில்லை. 5.1 கிகாஹெர்ட்ஸ் 5.3 ஆயிற்று. வேலோரண்ட் விளையாட்டில் வித்தியாசம் தெரிகிறது என்கிறார். நான் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை.

மே மாத இறுதியில் அப்பா தம்முடைய வெப்பமானியை எடுத்துக்கொண்டு அரியலூர் வந்தார். மோட்டார் ஊதும் புளோயரால் விசிறி வலையிலிருந்த தூசியை அகற்றினார். விசிறி தாறுமாறாகச் சுற்றாதபடி நான் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டேன். பிறகு அண்ணன் இரண்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிக் காட்டினார். அறை 39 டிகிரி. வி.ஆர்.எம். 71 டிகிரி. அப்பா மூன்று முறை பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த கடைக் குறிப்பேட்டை எடுத்தார். வேப்பந்தட்டையிலிருந்து வந்த ஏழரைக் குதிரைத்திறன் மோட்டாருக்கும் குன்னத்திலிருந்து வந்த நீர்மூழ்கி மோட்டாருக்கும் கீழே, அதே பேனாவால், "அரியலூர் கம்ப்யூட்டர் – லோடு 2 மணி – 71 – சரி" என்று எழுதிக்கொண்டார்.